கார்ல பார்ட்ஸை கழட்டிட்டுப் போயிட்டாங்களா? மொதல் தடவை இதுல மாட்டிக்கிட்டவங்களுக்கு, ஆரம்பத்துல இருந்து

போன வருஷம் ஒரு நாள் காலையில காரை ஸ்டார்ட் பண்ணேன், அப்படி ஒரு சத்தம், வீட்டுக்குள்ள தூங்கிட்டிருந்தவங்கள்லாம் எழுந்து வந்துட்டாங்க. நான் சைலன்சர்தான் துருப்பிடிச்சு எங்கயோ விட்டுப்போச்சுன்னு நெனச்சு அப்படியே மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போயிட்டேன். அவர் தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எழுந்து "சைலன்சர் அப்படியே இருக்குங்க, நடுவுல இருந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் காணோம், அறுத்து எடுத்திருக்காங்க"ன்னாரு. எஞ்சின்ல இருந்து வர்ற புகையைச் சுத்தம் பண்ற பார்ட் அது.

அன்னைக்கு நான் ஒரு தப்பு பண்ணல, வரிசையா பண்ணேன். வண்டியை எடுத்துட்டுக் கிளம்பினது, இடத்தை ஒரு போட்டோ கூட எடுக்காம விட்டது, பக்கத்து வீட்டுக் கேமராவை ஆறு நாள் கழிச்சுப் போய் கேட்டது (அதுக்குள்ள பழைய ரெக்கார்டிங் மேல புதுசு ஏறி எல்லாம் அழிஞ்சிருந்துச்சு), புதுசு மாட்டினப்ப எந்தப் பாதுகாப்பும் போடாம விட்டது. ரெண்டே மாசத்துல மறுபடியும் வந்து புதுசையும் எடுத்துட்டுப் போனாங்க. அந்த ரெண்டாவது தடவைதான் ரொம்ப வலிச்சுது, ஏன்னா அதை தடுத்திருக்கலாம். இதெல்லாம் தெரிஞ்சவங்க யாராவது மொத நாளே என்னை உக்கார வச்சு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன்.

மொத 10 நிமிஷம்: ஸ்டார்ட் பண்ணாதீங்க, தொடாதீங்க

ஏதோ காணோம்னு தெரிஞ்ச உடனே கை தானா சாவியைத் திருப்பப் பாக்கும். வேண்டாம். அடியில ரம்பம் போட்டு அறுக்குறவன் இருட்டுல அவசர அவசரமா அறுக்குறான், பக்கத்துல போற பெட்ரோல் லைன், பிரேக் லைன், சென்சர் ஒயர் எதுல வேணா பிளேடு பட்டிருக்கலாம். கீழ குனிஞ்சு பாருங்க, தரையில ஏதாவது ஒழுகி இருக்கா, பெட்ரோல் வாசனை வருதான்னு. வாசனை வந்தா வண்டியை ஸ்டார்ட் பண்றது இல்ல, லைட் போடுறது கூட வேண்டாம், சிகரெட் பிடிக்கிறவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. டேங்க்கை ஓட்டை போட்டு பெட்ரோல் திருடுறவங்களும் இருக்காங்க, அந்த மாதிரி வண்டிய ஒரு அடி கூட நகத்தக் கூடாது.

பெட்ரோல் வாசனை இல்லாட்டியும், கன்வெர்ட்டர் போன வண்டியை ஓட்டாதீங்க. வாகனத்துக்கு பின்னாடி கடைசியில வெளிய போகவேண்டிய புகை இப்ப உங்க சீட்டுக்கு நேர் கீழ வெளிய வருது. அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, மேல ஏறி உள்ள வந்தா தலை சுத்தும், அப்புறம் மயக்கம், அதுக்கு மேலயும் போகலாம். நான் ஓட்டிட்டுப் போனேன்ல, அது எவ்வளவு ஆபத்துன்னு பின்னாடி தெரிஞ்சப்ப உடம்பு நடுங்கிடுச்சு. டோ வண்டியைக் கூப்பிடுங்க, இன்சூரன்ஸ்ல பல பேருக்கு அது சேந்தே இருக்கும், பாலிசியைப் பாருங்க.

வீலைக் கழட்டிட்டு வண்டியை செங்கல் மேலயோ கல்லு மேலயோ உக்கார வச்சுட்டுப் போயிருந்தா, தயவுசெஞ்சு அடியில தலையை விட்டுப் பாக்காதீங்க. ஒரு செங்கல் பொடிஞ்சா ஒரு டன்னுக்கு மேல இருக்குற வண்டி உங்க மேல இறங்கும். குழந்தைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க.

ஏர்பேக்கை எடுத்திருந்தா ஸ்டீயரிங் நடுவுல ஒரு பள்ளம் தெரியும், மஞ்சக் கலர் கனெக்டர் ஒண்ணு தொங்கும். அந்த மஞ்சள் சும்மா ஒரு கலர் இல்ல, ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயர்னு மெக்கானிக்குக்கு எச்சரிக்கை பண்றதுக்காகத்தான் அந்தக் கலர்ல வைக்கிறாங்க. அதை எடுத்து எங்கயாவது சொருகிப் பாக்குறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பேட்டரி போயிருந்தா ரிமோட் சாவி வேலை செய்யாது, நிறைய பேர் பதட்டத்துல கண்ணாடியை உடைச்சுடுறாங்க. ரிமோட்டுக்குள்ள ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கும், பக்கத்துல இருக்குற பட்டனைத் தள்ளுனா வெளிய வரும், அதுல கதவைத் திறக்கலாம்.

ஆள் இன்னும் அங்கேயே இருந்தா

ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து பாக்குறீங்க, கார் அடியில ரெண்டு கால் நீட்டிக்கிட்டு இருக்கு. வெளிய ஓடாதீங்க. அவன் கையில ரம்பம், இரும்பு ராடு எல்லாம் இருக்கு, தனியாவும் வந்திருக்க மாட்டான், ஒருத்தன் வண்டியில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பான். ஒரு பார்ட்டுக்காக உயிரை வைக்க வேண்டாம், இதை நான் எத்தனை தடவை வேணா சொல்லுவேன்.

உள்ள இருந்தபடியே எல்லா லைட்டையும் போடுங்க, ஜன்னல்ல இருந்து சத்தம் போடுங்க. பல கார் ரிமோட்ல பேனிக் பட்டன்னு ஒண்ணு இருக்கும், அழுத்துனா ஹாரனும் லைட்டும் சேந்து அடிக்கும். அதனால படுக்கப்போறப்ப சாவியை பெட்ரூம்ல வச்சுக்கிறது நல்லது, ஆனா அங்கேர்ந்து கார் வரைக்கும் சிக்னல் போகுதான்னு ஒரு நாள் பகல்ல டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கோங்க. அப்படியே போலீஸுக்குப் போன், வந்த வண்டி என்ன கலர், நம்பர்ல எந்தப் பகுதி தெரிஞ்சுது, எந்தப் பக்கம் போச்சு, இது போதும்.

போட்டோ, அப்புறம் ஃபுட்டேஜ், இந்த ஆர்டர்லதான்

நகத்துறதுக்கு முன்னாடி காரை நாலு பக்கமும், அப்புறம் அறுபட்ட இடத்தை கிட்டக்க, தரையில கிடக்குற இரும்புத் தூள், உடைஞ்ச பிளேடு, விட்டுட்டுப் போன ஜாக்கி, செங்கல் எல்லாத்தையும் போட்டோ எடுங்க. விட்டுட்டுப் போன பொருளை கையால எடுக்காதீங்க, அதுல கைரேகை இருக்கலாம், போலீஸ் வந்து எடுக்கட்டும். ஓடோமீட்டரையும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, இன்சூரன்ஸ்ல கேப்பாங்க.

அடுத்த வேலை ஃபுட்டேஜ். இதுதான் நான் கோட்டை விட்ட இடம். பெரும்பாலான வீட்டுக் கேமரா கார்டு நெறஞ்சதும் பழசு மேலயே எழுதிக்கிட்டே போகும், சிலதுல ஒரு வாரம் நிக்கும், சிலதுல ரெண்டு நாள்தான். அதனால அன்னைக்கே, முடிஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள, எதிர் வீடு, பக்கத்து வீடு, தெருமுனை வரைக்கும் போய் கதவைத் தட்டுங்க. "கேமரால ஏதாவது தெரியுதா"ன்னு பொதுவா கேட்டா "பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லி மறந்துடுவாங்க, "ராத்திரி 11 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் இருக்குறதை அழியாம எடுத்து வச்சுடுங்க"ன்னு நேரத்தோட கேளுங்க. கேமராவோட கடிகாரம் சரியா ஓடுதான்னும் பாருங்க, 20 நிமிஷம் முன்ன பின்ன இருந்தா அதையும் எழுதி வச்சுக்கணும், இல்லன்னா வேற வேற கேமராவுல வந்த அதே வண்டியை ஒண்ணோட ஒண்ணு பொருத்த முடியாது.

புகார், இன்சூரன்ஸ்

"எப்படியும் கிடைக்கப் போறதில்ல, எதுக்கு ஸ்டேஷனுக்கு அலையணும்"னு நிறைய பேர் விட்டுடுறாங்க. பொருள் திரும்பி வருமோ வராதோ, புகார் நம்பர் இல்லாம திருட்டு க்ளெய்ம் நகராது, அது ஒண்ணு. ரெண்டாவது, ஒரே ஏரியாவுல பத்து வீட்டுல நடந்து ரெண்டு பேர்தான் புகார் குடுத்திருந்தா போலீஸ் கணக்குல அது ரெண்டுதான், ரோந்து அதுக்குத் தக்கபடிதான் வரும். புகார்ல வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், காணாமப் போன பார்ட்டோட பேர், பார்ட் மேல நம்பர் இருந்தா அது, கடைசியா வண்டிய நல்லபடியா பாத்த நேரம், இதெல்லாம் இருக்கணும். சேசிஸ் நம்பர்ங்கிறது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது, பல கார்ல முன் கண்ணாடிக்குக் கீழ டேஷ்போர்டு ஓரத்துல தெரியும்.

நம்பர் பிளேட் மட்டும் போச்சுன்னா "பிளேட்தானே, புதுசு போட்டுக்கலாம்"னு விட்டுடாதீங்க, எல்லாத்துலயும் அதுதான் அவசரம். உங்க நம்பரை வேற வண்டியில மாட்டிக்கிட்டு பெட்ரோல் போட்டுட்டு காசு குடுக்காம ஓடுறது, சிக்னல் தாண்டுறது, அதுக்கு மேல பெரிய குத்தம் பண்றது எல்லாம் நடக்கும், வீடு தேடி வர்றது உங்க வீடு. எத்தனை மணிக்கு புகார் குடுத்தீங்கங்கிற அந்தக் காகிதம்தான் அப்ப உங்களைக் காப்பாத்தும்.

இன்சூரன்ஸ்ல பாக்க வேண்டியது இதுதான். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தா உங்க வண்டியோட பார்ட் திருட்டுக்கு எதுவும் வராது. முழு பாலிசியா இருந்தாலும் முதல்ல உங்க கையில இருந்து போடவேண்டிய ஒரு தொகை இருக்கும், க்ளெய்ம் பண்ணா நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் பண்ணாத வருஷத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி) போகலாம், ரெண்டையும் கூட்டிப் பாத்துட்டு ரிப்பேர் பில்லோட ஒப்பிடுங்க, சைடு மிரர் மாதிரி சின்னதுக்கு க்ளெய்ம் பண்ணாம இருக்குறதே லாபமா இருக்கலாம். அப்புறம் நீங்களா வெளிய வாங்கி மாட்டின அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பாலிசியில தனியா சொல்லியிருந்தாத்தான் கணக்குல வரும். காருக்குள்ள வச்சிருந்த லேப்டாப், பை இதெல்லாம் பொதுவா கார் பாலிசியில வராது. கம்பெனி சர்வேயர் பாக்குறதுக்கு முன்னாடி ரிப்பேரை ஆரம்பிச்சுடாதீங்க, அவங்க சொல்ற வரைக்கும் அறுபட்டது அறுபட்டபடியே இருக்கட்டும்.

எதை எடுக்குறாங்க, ஏன் எடுக்குறாங்க

இது தெரிஞ்சாத்தான் உங்க வண்டியில எதைப் பூட்டணும்னு தெரியும், கண்டதுக்கெல்லாம் காசு செலவு பண்ண வேண்டியதில்ல.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும், அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. இருக்குறது சில கிராம்தான், ஆனா அந்த சில கிராமுக்குத்தான் இவ்வளவும். 2021ல ரோடியம் விலை அதுவரைக்கும் இல்லாத உச்சத்துக்குப் போச்சு, பல நாட்டுல அந்த சமயத்துல கன்வெர்ட்டர் திருட்டு திடீர்னு எகிறுனதுக்கு அதுதான் முக்கியமான காரணம். பேட்டரியில ஓடுற ரம்பம் இருந்தா ரெண்டு வெட்டு, ரெண்டு மூணு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். தரையில இருந்து உயரமா இருக்குற வேன், பிக்கப், எஸ்யூவி எல்லாம் அவங்களுக்கு வசதி, ஜாக்கி கூட வேண்டாம், அப்படியே உள்ள நுழைஞ்சிடலாம். ஹைபிரிட் வண்டியையும் தேடி வருவாங்க, டொயோட்டா ப்ரியஸ் இதுக்குப் பேர் போனது, அதுல எஞ்சின் கம்மி நேரம்தான் ஓடுது, அதனால உள்ள இருக்குற உலோகம் அவ்வளவா தேயாம இருக்கும். முழு எலக்ட்ரிக் கார்ல இந்தப் பிரச்சனையே இல்ல, கன்வெர்ட்டரே கிடையாது, ஆனா சார்ஜிங் கேபிள்ல இருக்குற செம்புக்காக அதை வெட்டிட்டுப் போறாங்க, அதனால சார்ஜ் முடிஞ்சதும் கேபிளைச் சுருட்டி உள்ள வச்சுடுங்க.

வீலும் டயரும் அப்படியே இன்னொரு கார்ல மாட்டலாம், அதனால எப்பவும் கிராக்கி. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில ஒயர்ல தொங்குற மாடல்னா அந்த ஒயரை வெட்டுனா போதும், நிறைய பேர் பஞ்சர் ஆகுற அன்னைக்குத்தான் ஸ்டெப்னி இல்லங்கிறதையே பாக்குறாங்க. பேட்டரி ஈயத்துக்காகப் போகுது. ஹெட்லைட் ஏன் போகுதுன்னா, இப்ப வர்ற எல்இடி ஹெட்லைட்டு ஒண்ணு மாத்துறதுக்கே அவ்வளவு செலவு, அதனால "பழசு கிடைக்குமா"ன்னு தேடுறவங்க ஜாஸ்தி. ஏர்பேக்கும், ஈசிஎம்னு சொல்ற எஞ்சின் கம்ப்யூட்டரும் அப்படித்தான். சைடு மிரர் கண்ணாடி, லோகோ, பெட்ரோல் மூடி இதெல்லாம் நடந்து போறப்பவே பிடுங்கிட்டுப் போறது.

திருடன் கணக்குல முக்கியமானது நேரம். ரெண்டு நிமிஷத்துல முடியற வேலை எட்டு நிமிஷம் ஆகும்னு பாத்த உடனே தெரிஞ்சா, முக்காவாசி பேர் அடுத்த வண்டிக்குப் போயிடுவாங்க. எந்தப் பூட்டையும் உடைக்க முடியும். நீங்க விலை குடுத்து வாங்குறது அந்த ஆறு நிமிஷத்தை, அந்தக் கண்ணோட பாத்தா எது வேணும் எது வேண்டாம்னு தானா புரியும்.

ரிப்பேர் பண்றப்பவே பூட்டையும் போட்டுடுங்க

மொதல் தடவை வந்தவனுக்கு உங்க வீடு தெரியும், எங்க நிப்பாட்டுறீங்கன்னு தெரியும், கொஞ்ச நாள்ல புதுசு மாட்டியிருப்பீங்கங்கிறதும் தெரியும். அதனால மெக்கானிக்கிட்ட வண்டி இருக்கறப்பவே, லிஃப்ட்ல ஏத்தி இருக்கறப்பவே இதெல்லாம் முடிச்சுடுங்க, "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்"னு நான் சொன்ன மாதிரி சொல்லிடாதீங்க.

கன்வெர்ட்டருக்கு ரெண்டு வகை பாதுகாப்பு இருக்கு. ஒண்ணு, அடியில முழுசா மறைக்கிற அலுமினியம் இல்ல ஸ்டீல் தகடு. முறுக்கி முடிச்சதும் தலை உடைஞ்சு போற போல்ட் போட்டு மாட்டுவாங்க, ஸ்பானரால கழட்ட வராது. இன்னொண்ணு, கன்வெர்ட்டரைச் சுத்தி எஃகுக் கயிறோ கம்பியோ கூண்டு மாதிரி கட்டி சேசிஸோட இணைக்கிறது. தகடு போடறதா இருந்தா ஆயில் மாத்துறதுக்கு வழி இருக்கா, காத்து போக இடைவெளி இருக்கா, ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்காம இருக்குமான்னு கேட்டுக்கோங்க. கன்வெர்ட்டர் நல்லா சூடாகுற பொருள், பக்கத்துல சூட்டைத் தடுக்குறதுக்காக இருக்குற ஹீட் ஷீல்டை எடுத்துட்டு தகடு மாட்டுறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

கூடவே கன்வெர்ட்டர் மேல வண்டி நம்பரையோ சேசிஸ் நம்பரையோ பொறிச்சு, சூடு தாங்குற பெயின்ட்ல பளிச்சுனு ஒரு கலர் அடிச்சு விடச் சொல்லுங்க. செலவு ரொம்பக் கம்மி. படுத்துப் பாக்குறப்பவே பெயின்ட் கண்ணுல படும், நம்பர் பொறிச்ச சரக்கை காயலான் கடையில தள்ளுறது கஷ்டம். அதே நம்பரை ஜன்னல் கண்ணாடி, ஹெட்லைட், மிரர் எல்லாத்துலயும் பொறிக்கலாம்.

வீலுக்கு லாக்கிங் நட். ஒரு வீலுக்கு ஒண்ணு, நாலு போதும், ஸ்டெப்னி வெளிய இருந்தா அஞ்சு. அதைக் கழட்ட தனியா ஒரு சாவி சாக்கெட் வரும். இதுல புதுசா போடறவங்க பண்ற தப்பு மூணு பாத்திருக்கேன். சாக்கெட்டை கிளவ் பாக்ஸ்லயே வைக்கிறாங்க, கண்ணாடியை உடைச்சா திருடன் கையில சாவியே கிடைச்ச மாதிரி. வீட்டுலயே வச்சுட்டு வெளியூர்ல பஞ்சர் ஆகி நிக்கிறாங்க, அதுக்கு டிக்கியில ஸ்டெப்னி தட்டுக்கு அடியிலயோ டூல் கிட்டுக்குப் பின்னாடியோ ஒளிச்சு வைங்க. மூணாவது, டயர் கடையில ஏர் கன் போட்டு லாக்கிங் நட்டை முறுக்கவிடுறாங்க, அதோட காடி தேஞ்சு போனா அப்புறம் உங்களுக்கே கழட்ட வராது. அதைக் கையாலதான் முறுக்கணும்னு சொல்லுங்க, வேலை முடிஞ்சதும் சாக்கெட்டைத் திருப்பி வாங்கிட்டீங்களான்னு பாத்துட்டுக் கிளம்புங்க. பெட்டியோட ஒரு கோட் நம்பர் கார்டு வரும், சாக்கெட் தொலைஞ்சா அந்த நம்பர் வச்சுத்தான் வேற வாங்க முடியும், போட்டோ எடுத்து போன்ல வச்சுடுங்க.

கார்ல ஏற்கனவே இருக்குற அலாரத்தை நம்பி இருக்காதீங்க. பல வண்டியில அது கதவு, பானெட், டிக்கி திறந்தா மட்டும்தான் கத்தும், ஜாக்கி போட்டுத் தூக்குனா சும்மா இருக்கும். சாய்வை உணர்ற சென்சர் இருக்குற அலாரமா பாத்துப் போட்டா வீலுக்கும் கன்வெர்ட்டருக்கும் ரெண்டுக்கும் உதவும். நம்பர் பிளேட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் திரும்புற ஸ்க்ரூ இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. பேட்டரிக்கு, பானெட் பூட்டு சரியா விழுதான்னு பாருங்க, லூசா இருக்குற பானெட் கேபிள்தான் அவங்களுக்கு வழி.

வீட்டுல செய்ய வேண்டியது

கேட்டுக்குள்ள நிப்பாட்ட இடம் இருந்தா உள்ள நிப்பாட்டுங்க, இது எல்லாருக்கும் தெரியும், ஆனா செய்யறோமாங்கிறதுதான் கேள்வி, ஷெட்ல பழைய சாமானை அடுக்கிட்டு காரை வெளிய விடறவங்கதான் பாதிப் பேர், நானும் அப்படித்தான் இருந்தேன். இந்த வாரம் அந்த சாமானை எடுத்துட்டு காரை உள்ள விடுங்க, இதைவிட நல்ல பூட்டு எதுவும் கிடையாது.

உள்ள இடம் இல்லாதவங்க சுவரைப் பயன்படுத்துங்க. கன்வெர்ட்டர் எந்தப் பக்கம் இருக்குன்னு மெக்கானிக்கைக் கேட்டு அந்தப் பக்கம் சுவரை ஒட்டி வர்ற மாதிரி நிப்பாட்டுனா உள்ள படுக்க இடம் கிடைக்காது. வீட்டுல ரெண்டு வண்டி இருந்தா உயரமான வண்டியை தாழ்வான காருக்கும் சுவருக்கும் நடுவுல விடுங்க. வீலை நேரா விடாம ஒரு பக்கமா ஒடிச்சு நிப்பாட்டிட்டு ஸ்டீயரிங் லாக் விழுதான்னு பாருங்க.

லைட் விஷயத்துல ராத்திரி பூரா எரியற பெரிய லைட்டை விட, ஆள் நடமாட்டம் பட்டா எரியற லைட் எனக்குப் பிடிக்கும். எப்பவும் எரியற வெளிச்சத்துல அவனுக்கும் வேலை சுலபமா நடக்கும், திடீர்னு எரியறதுதான் அவனையும் திடுக்கிட வைக்கும், அக்கம்பக்கத்துல இருக்கறவங்களையும் திரும்பிப் பாக்க வைக்கும். அந்த சென்சர் உடம்புச் சூட்டோட அசைவைத்தான் பிடிக்குது, நேரா அதை நோக்கி நடந்து வர்ற ஆளை விட குறுக்க கடந்து போற ஆளை நல்லா பிடிக்கும். அதனால காருக்கு நேர் எதிர்ல மாட்டாம, ஆள் குறுக்க கடக்குற மாதிரி பக்கத்துல மாட்டுங்க. வெளிச்சம் கீழ் நோக்கி காரு மேல விழணும், தெருவுல போறவங்க கண்ணுல அடிச்சா அவங்களுக்கு உங்க கார் பக்கம் நிக்கிற ஆளே தெரியாது.

கேமராவை ரொம்ப உயரத்துல மாட்டுனா தொப்பியோட மேல்பக்கம்தான் பதிவாகும். ரெண்டரை மீட்டர் உயரம், முகம் தெரியற கோணம், கைக்கு எட்டாத இடம், இது சரி. வீட்டுக்குள்ள ஜன்னலுக்குப் பின்னாடி வச்சா ராத்திரியில அதோட இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணாடியிலயே பட்டுத் திரும்பி படம் முழுக்க வெள்ளையா வரும், ஒண்ணும் தெரியாது. அதே மாதிரி ராத்திரி அந்த வெளிச்சம் பட்டு நம்பர் பிளேட்டும் படத்துல வெறும் வெள்ளையாத்தான் தெரியும், பிளேட் நம்பர் வேணும்னா தெரு வெளிச்சம் இருக்குற பக்கம் பாத்து இன்னொரு கேமராதான் வைக்கணும். மாசம் ஒரு தடவை லென்ஸைத் துடைங்க, சிலந்தி அங்க வந்து கூடு கட்டும். எங்க கேமரா மொதல் தடவை நடந்தப்ப இருந்துச்சு, வேலையும் செஞ்சுது, முழுக்க ஒரு சிலந்தி வலையைத்தான் படம் பிடிச்சிருந்துச்சு. அன்னைக்கு அதைப் போட்டுப் பாத்துட்டு நானும் வீட்டுல உள்ளவங்களும் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தோம்.

காம்பவுண்ட் சுவரை உசத்துறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. உயரமான சுவர் ஒருத்தன் ஏறிக் குதிக்கிற வரைக்கும்தான் தடுக்கும், உள்ள வந்துட்டா தெருவுல போற யாருக்கும் அவன் தெரியமாட்டான், நிதானமா வேலை பாப்பான். வெளிய இருந்து பார்வை படுற கம்பி கேட் நல்லது. கார் நிக்கிற இடத்துல ஜல்லி கொட்டி விட்டா கால் வச்சா சரசரன்னு சத்தம் வரும், அடியில படுக்கவும் கஷ்டம்.

ஷெட்டுக்கு ரிமோட் கதவு வச்சிருந்தா அந்த ரிமோட்டை காருக்குள்ள தொங்கவிடாதீங்க. காரு கண்ணாடியை உடைச்சு ரிமோட்டை எடுத்தா ஷெட்டும் திறந்துடும், அங்க இருந்து வீட்டுக்குள்ள போற கதவு ஒண்ணு இருக்கும், பல பேர் அதைப் பூட்டுறதே இல்ல.

சாவியை வாசக்கதவு பக்கத்து ஆணியில மாட்டற பழக்கத்தை விடுங்க. பக்கத்துல போனாலே திறக்குற சாவின்னா, அதோட சிக்னலை கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே ஒருத்தன் ஒரு கருவியால இழுத்து, கார் பக்கத்துல நிக்கிற இன்னொருத்தனுக்கு அனுப்பி, கார் கதவைத் திறந்துடலாம். ஒரு கீறல் விழாம ஏர்பேக், ஸ்டீரியோ எல்லாம் காணாமப் போறதுக்கு இதுவும் ஒரு வழி. சிக்னலைத் தடுக்குற ஃபாரடே பை வாங்கி அதுல சாவியைப் போடுங்க, வாங்கினதும் பையோட கார் பக்கத்துல போய் நில்லுங்க, கதவு திறந்தா அந்தப் பை பிரயோஜனமில்ல. ஸ்பேர் சாவியையும் மறக்காம பையில போடுங்க.

ஹெட்லைட் பக்கம் பிடுங்கி விட்டிருந்தா, அது வேற கதை

பம்பர் ஓரம் இழுத்து விட்டிருக்கு, ஹெட்லைட் ஒயர் வெளிய தொங்குது, ஆனா எதுவும் திருடு போகல. "யாரோ வம்புக்குப் பண்ணிட்டுப் போயிட்டான்"னு தோணும். 2022ல லண்டன்ல ஒரு கார் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரோட டொயோட்டா ராவ்4க்கு இப்படித்தான் நடந்துச்சு, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை, அவரும் வம்புதான்னு நெனச்சார். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல காரே போயிடுச்சு. ஹெட்லைட்டுக்குப் போற ஒயர்ல காரோட உள் நெட்வொர்க்கான கேன் பஸ் இணைஞ்சிருக்கு, அங்க ஒரு சின்ன கருவியை சொருகினா கார் "சரியான சாவி வந்துடுச்சு"ன்னு நம்பி திறந்துக்கும், ஸ்டார்ட்டும் ஆகும். 2023ல அவரும் இன்னொரு நிபுணரும் சேந்து அதை முழுசா விளக்கி வெளியிட்டாங்க, திருடங்களுக்கு அந்தக் கருவியை விக்கிறவங்க அதை புளூடூத் ஸ்பீக்கர் மாதிரி ஒரு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வித்துட்டு இருந்தாங்க.

அதனால அப்படி ஒரு அடையாளம் தெரிஞ்ச அன்னைக்கே ஸ்டீயரிங்ல குறுக்க மாட்டுற இரும்புப் பூட்டு ஒண்ணு வாங்கிப் போடுங்க, பழைய காலத்துப் பொருள்தான், ஆனா எந்த எலக்ட்ரானிக் தந்திரமும் அதுகிட்ட செல்லாது. காரை சில நாள் வேற இடத்துல நிப்பாட்டுங்க, ஜிபிஎஸ் டிராக்கர் வைங்க, போலீஸ்ல சொல்லி வைங்க.

பழைய பார்ட் வாங்குறப்ப

திருட்டுப் போன கோபத்துல, செலவைக் குறைக்க, "பழசு ஒண்ணு கிடைச்சா மாட்டிடலாம்"னு மெக்கானிக் சொல்லுவார். பழைய பார்ட் வாங்குறது தப்பில்ல, ஆனா பில் கேளுங்க, எந்த வண்டியில இருந்து எடுத்ததுன்னு கேளுங்க, மேல நம்பர் பொறிச்சதை அரைச்சு எடுத்த தடம் இருக்கான்னு பாருங்க. குழாய் ரெண்டு முனையும் கோணலா, பல் பல்லா அறுபட்டிருந்தா அது ஒர்க்‌ஷாப்ல போல்ட்டைக் கழட்டி எடுத்தது இல்ல. ஏர்பேக் மட்டும் எக்காரணம் கொண்டும் பழசு வாங்காதீங்க, விபத்துல அது விரியுமா விரியாதான்னு வெளிய இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது, போலியும் நிறைய சுத்துது.

ஆன்லைன் விளம்பரத்துல உங்க சொந்த வீலே கண்ணுல பட்டா, அதோட கீறலை வச்சு நீங்க அடையாளம் கண்டுட்டா, நேரா போய் சண்டை போடாதீங்க. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விக்கிறவன்கிட்ட ஒண்ணும் காட்டிக்காம, புகார் நம்பரோட போலீஸ்கிட்ட குடுங்க. அதுக்குத்தான் சொல்றேன், இன்னைக்கே, எல்லாம் நல்லா இருக்கறப்பவே, உங்க நாலு வீலையும், ஹெட்லைட்டையும், அடிப்பக்கத்தையும் கிட்டக்க போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. என்கிட்ட என் பழைய கன்வெர்ட்டரோட போட்டோ ஒண்ணு கூட கிடையாது, ஸ்டேஷன்ல "எப்படி இருக்கும்"னு கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியல.